வளராமல் நிறுத்திய துகள்கள்

எங்கள் கல்லூரி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில், இரண்டு ஊரோடும் ஒட்டாத ஒரு பொட்டலில் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேதியியல் விரிவுரையாளராக அங்கே சேர்ந்தேன். துறையில் எனக்கு முன்பே ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, கிறிஸ்தவக் குடும்பம். என் வயதுதான். ஆனால் அவளுக்குக் கல்யாணமாகி, பள்ளிக்கூடம் போகிற மகள் இருந்தாள். கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தார். முதல் வாரம் 'மேடம்' என்று கூப்பிட்டாள், அடுத்த வாரம் 'ஏட்டி' என்று மாறிவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டோம். அவர் கொடுத்த பொருள் எங்களுக்குப் புதிது. காட்மியம் சல்பைடு என்கிற குறைகடத்தியைக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு படிகங்களாகக் கரைசலிலேயே செய்ய வேண்டும். செய்தால் மட்டும் போதாது. எல்லாப் படிகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அந்த அளவை நாமே தீர்மானிக்க வேண்டும். 'நானோ' என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை. என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம் 'சாயம் மாதிரி ஒண்ணு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம்.

அது முழுப் பொய்யும் இல்லை. காட்மியம் சல்பைடு சாதாரணமாக அடர்ந்த மஞ்சள். ஓவியர்களின் சாயத்தில் இருப்பது அதுதான். துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். எலுமிச்சைச் சாறு போல ஆகும், பிறகு இளநீர் போல, கடைசியில் வெறும் தண்ணீர் போல. பொருள் அதேதான், அளவு மட்டுமே வேறு. முதல் தடவை வெளிறிய கரைசல் ஒன்று எங்கள் குடுவையில் நின்றபோது அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியா இருக்கே, இதுக்குள்ள இருக்குன்னு சொன்னா யாராச்சும் நம்புவாகளா?" என்றாள். நாங்களே பாதிதான் நம்பியிருந்தோம்.

நம்பிய பாதியும் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது. கரைசல் மஞ்சளாகத் திரிந்து, மறுநாள் குடுவையின் அடியில் பொடியாகப் படிந்துகிடந்தது. துகள் பிறப்பதற்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். ஆனால் பிறந்த துகள் சும்மா இருப்பதில்லை. சின்னது கரைந்து பெரியதில் போய் ஒட்டும், பெரியது இன்னும் பெருக்கும். சூடு கூடினால் இது விரைவாக நடக்கும். எங்கள் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் பிறக்க வேண்டும், பிறந்ததும் வளர்ச்சி நிற்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சி மொத்தமும் இந்த இரண்டு காரியம்தான்.

வளர்ச்சியை நிறுத்த ஒரு கந்தகத் திரவம் சேர்ப்போம். அது துகளின் மேல் ஒட்டி அதை மூடிவிடும். எவ்வளவு கூடச் சேர்க்கிறோமோ அவ்வளவு சிறிய துகள் கிடைக்கும். ஆனால் அதன் நாற்றம் சேலையில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. அழுகின வெங்காயமும் எரிந்த ரப்பரும் சேர்ந்தாற்போல் இருக்கும். பஸ்ஸில் எங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒருநாள் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரில வேல பாக்கீக?" என்று கேட்டாள். என் தோழி முகத்தை மாற்றாமல், "மாட்டாஸ்பத்திரி" என்றாள். இறங்குகிற வரை நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. எனக்குக் கல்யாணம் பேசி வந்த ஒரு வீட்டில் பெண்ணிடம் ஏதோ வாடை வருகிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள். எங்கள் அம்மா அன்று முழுவதும் அழுதாள். நான் மறுநாளும் வேலைக்குப் போனேன்.

துகளின் அளவை எங்களால் நேராக அளக்க முடியாது. எந்த நிற ஒளியைக் கரைசல் விழுங்குகிறது என்று ஒரு கருவியில் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். கருவி மதுரையில் இருந்தது. ஐஸ் ஃபேக்டரியில் கட்டி வாங்கி உடைத்து, தெர்மாஸில் போட்டு, அதற்குள் சோதனைக் குழாய்களைச் செருகி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். ஒரு சித்திரை மாதம் திருமங்கலத்துக்கு முன்னால் பஸ் டயர் வெடித்துச் சாலை ஓரத்தில் நின்றது. மதுரையில் தெர்மாஸைத் திறந்தபோது ஐஸ் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீராகிவிட்டிருந்தது. இளநீர் நிறத்தில் புறப்பட்ட குழாய்கள் மஞ்சளாகியிருந்தன. இரண்டு மாத வேலை அது. நான் அப்படியே ஆய்வகத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடுனது பத்தலட்டி. சூட்டுக்குக் கழண்டுருக்கு. அதுவும் போக, பொறக்கும்போதே எல்லாம் ஒரு பருமனா பொறக்கல. பெருசும் சிறுசும் சேந்து கெடந்தா பெருசு சிறுச முழுங்கத்தான செய்யும்?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள். அதுவரை கந்தகத்தை நாங்கள் சோடியம் சல்பைடு கரைசலாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தோம். முதல் சொட்டில் பிறந்தது, கடைசிச் சொட்டு விழுவதற்குள் கிழவனாகிவிடுகிறது என்றாள். அதற்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, நன்றாகக் கலக்கிக்கொண்டிருக்கும் குளிர்ந்த கரைசலுக்குள் ஒரே மூச்சில் செலுத்தினால் எல்லாம் ஒன்றாகப் பிறக்கும். அந்த வாயு எங்களுக்குப் பழகியதுதான். மாணவர்களின் உப்புப் பகுப்பாய்வு வகுப்பில் கண்ணாடி உபகரணத்தில் தினமும் உண்டாக்குவார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது விஷம் என்று பாடத்தில் நாங்களே நடத்துவோம். ஆனாலும் தினம் மூக்கில் ஏறுகிற நாற்றத்துக்கு யார் பயப்படுகிறார்கள்?

எங்களுக்கு ஆராய்ச்சிக்கென்று கொடுத்திருந்தது, முன்பு அமிலப் புட்டிகள் அடுக்கி வைத்திருந்த பின்கட்டு அறை. ஒரு கதவு, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வாயு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே குறைந்த மின்னழுத்தத்தில் ஓடி ஓடி ஃபேன் கருகிப்போனது. கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, அந்த ஓட்டையில் அட்டையை வைத்து அடைத்தார்கள். அவள் கணவர் கேள்விப்பட்டு ஒருநாள் நேரில் வந்தார்.

"எடுத்துக் குடுங்க சார், ஒரே நாள்ல சுத்திக் கொண்டாந்து மாட்டித் தாரேன். பைசா வேண்டாம்" என்று கல்லூரிச் செயலாளரிடம் சொன்னார்.

செயலாளர் பண்பாகத்தான் பேசினார். "கல்லூரிச் சொத்து தம்பி. வெளியாள் கையில குடுத்தா நாளைக்குக் கேள்வி வரும். கமிட்டில வச்சு முறைப்படி செய்வோம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கமிட்டி அதற்குப் பிறகு இரண்டு தடவை கூடியது. சுற்றுச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். ஃபேன் ஸ்டோர் ரூமிலேயே கிடந்தது.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாயுவைச் செலுத்துவோம். மிச்ச வாயு காஸ்டிக் சோடா கரைசலில் போய் அடங்கும்படி குழாய் பொருத்தியிருந்தோம். பங்குனியில் ஒரு தடவை எல்லாம் சரியாக அமைந்தது. மதுரையில் கருவியின் பேனா தாளில் நகர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் ஏறி இறங்கித் தெளிவான ஒரு மேட்டை வரைந்தது. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால்தான் அந்த மேடு வரும். அதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் சரிவுதான். பேராசிரியர் தாளைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஒரு தடவை வந்தா அது அதிர்ஷ்டம். திரும்பத் திரும்ப இதே இடத்துல வரணும். வந்தா எழுதி அனுப்பலாம்" என்றார். அவள் அன்று மகளுக்கு மதுரையில் ஒரு மஞ்சள் ரிப்பன் வாங்கினாள். எந்த மஞ்சள் என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினாள்.

திரும்ப வரவில்லை. வைகாசி போய் ஆனி வந்ததும் மலைக்காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காற்றுக்கு முன்னால் கதவு நிற்காது. பொட்டல் மண்ணும், பக்கத்து மில்லின் பஞ்சுத் தூசும் சேர்ந்து அறைக்குள் வரும். கரைசலில் ஒரு தூசி விழுந்தால் அதன் மேலேயே துகள் பிடித்து வளரத் தொடங்கிவிடும், மேடு மறுபடி சரிவாகிவிடும். ஜன்னலை மூடாமல் வேலை நடக்காது என்று தெரிந்துபோனது. மூடிவிட்டுச் செய்வோம், செலுத்தி முடித்ததும் ஓடிப்போய்த் திறப்போம். ஒரு தடவை தலை வலித்தது. இன்னொரு தடவை கண் எரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேரோட்டத்தன்று உள்ளூர் விடுமுறை. மாணவர்கள் கிடையாது, மின்சாரம் சீராக இருக்கும், கரைசலைச் சுழற்றும் மின்கலக்கி நடுவில் நிற்காது. முதல்வரிடம் நாங்கள் இரண்டு பேருமே முதல் நாள் கேட்டோம். "வந்துட்டுப் போங்க" என்றார். அவள் தேர்க்கூட்டம் சேருவதற்கு முன்பே புறப்பட்டு வந்துவிட்டாள். ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்கள் எல்லாம் தேர் பார்க்கப் போகிறவர்களால் நிரம்பி, படியிலும் ஆள் தொங்க, நிறுத்தத்தில் நிற்காமல் போயின. நான் கல்லூரி வாசலில் இறங்கியபோது பகல் பாதி போயிருந்தது.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, "அம்மா அப்பவே உள்ள போனாக. சாப்பிடக்கூட வெளிய வரல" என்றார்.

தாழ்வாரத்தில் திரும்பியதுமே நாற்றம் அடித்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவு சாத்தியிருந்தது. திறந்ததும் கண்ணில் யாரோ அறைந்ததுபோல் இருந்தது. அவள் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். கலக்கி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தானையால் மூக்கை அழுத்தி மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். வாசல்படி தாண்டுவதற்குள் எனக்கும் கால் மடங்கியது. கத்தினேனா என்று தெரியவில்லை. வாட்ச்மேன் ஓடி வந்து எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார்.

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிதான் பக்கம். ஆனால் அந்தத் திசையில் சாலை முழுவதும் கூட்டம். வாட்ச்மேன் நடுச்சாலையில் நின்று, எதிர்ப்பக்கம் ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சு ஏற்றிப் போன வேன் ஒன்றை மறித்தார். பஞ்சுப் பொதிகளின் மேல் அவளைக் கிடத்தி, நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ராஜபாளையத்தில் ஆக்ஸிஜன் வைத்து, அங்கிருந்து சுற்றுவழியில் மதுரைக்கு அனுப்பினார்கள். தேர்க்கூட்டத்தில் ஆள் விட்டு அவள் கணவரைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லி, அவர் மதுரை வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மகளையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஃபேன மாட்டுனாகளா இல்லியா?"

நான் இல்லை என்றேன். அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

அவள் கண் திறக்கப் பல நாள் ஆனது. திறந்தபோது மகளை அடையாளம் தெரிந்தது, என்னையும் தெரிந்தது. ஆனால் பேச்சு கோர்வையாக வரவில்லை. கை நடுங்கியது. காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. மூளைக்கு நெடுநேரம் ஆக்ஸிஜன் போகவில்லை, வந்தவரை லாபம் என்று டாக்டர் சொன்னார். மோப்பம் முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. என்ன நடந்தது என்பதை மட்டும், நான் பார்க்கப் போன ஒரு நாளில் அவள் தானாகச் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள்.

"ட்யூபு கழண்டுட்டுட்டி. திருப்பி மாட்டுனேன். நாத்தம்னா நாத்தம், சொல்ல முடியாது. பொறவு சட்டுன்னு நின்னுட்டு. சரி, வாயு அடங்கிருச்சு, செத்த நேரத்துல முடிச்சுட்டு ஜன்னலத் தெறக்கலாம்னு நின்னேன்."

அடங்கியது வாயு இல்லை, அவள் மூக்கு. அளவு மீறினால் அந்த வாயு முதலில் மோப்பத்தைக் கொல்லும். நாற்றம் நின்றுவிட்டால் ஓட வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்தில் அந்த வரி இல்லை. எனக்கே மதுரை டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். செயலாளரும் முதல்வரும் இன்னும் இரண்டு பேரும் மேசைக்கு அந்தப் பக்கம். நான் தனியாக இந்தப் பக்கம்.

"விடுமுறை நாள்ல அனுமதியில்லாம அவங்க ஏன் உள்ள போனாங்க?" என்று செயலாளர் கேட்டார்.

"அனுமதி வாங்கித்தான் சார் போனா. முதல்வர்தான் குடுத்தார். நானும் கூட நின்னேன்."

முதல்வர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். "அப்படி நான் சொன்னதா ஞாபகம் இல்லையே."

"ஃபேன் இருந்திருந்தா இது நடந்திருக்காது சார். அவ வீட்டுக்காரரு சும்மாவே சரி பண்ணித் தாரேன்னு வந்து உங்ககிட்டயே கேட்டாரு."

"நீங்க ஜன்னல மூடிட்டு வேல பாத்தீங்க. அத யாரு செய்யச் சொன்னா?"

தூசி விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தொடங்கினேன். அவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வாட்ச்மேனையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் ஃபேன் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். அவரை மறுமாதமே விடுதிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 'தன் கவனக்குறைவால்' என்ற வார்த்தையோடு என் தோழியின் வேலை முடிந்தது. ஆண்டு முடிவில் எனக்கும் மறு நியமனம் வரவில்லை. மில்லிலிருந்து ஓய்வு பெற்றிருந்த என் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சொன்னது சரிதாம்மா. ஆனா இனி சுத்துப்பட்டுல எவனும் உன்னைய எடுக்க மாட்டான்" என்றார். அப்படியேதான் ஆனது.

மதுரைப் பேராசிரியர் என்னை முழுநேர ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கே வாயுவை வெளியே இழுத்துவிடும் புகைக்கூண்டு இருந்தது, ஓடுகிற ஃபேன் இருந்தது, காற்றிலிருந்து தூசியை வடிகட்டவும் வழி இருந்தது. அவள் யோசித்து வைத்திருந்த அதே முறையை, அதே விகிதத்தில் செய்தேன். மேடு வந்தது. மறுபடி செய்தேன், அதே இடத்தில் வந்தது. மூடும் திரவத்தைக் கூட்டிக் குறைத்து, விரும்பிய அளவில் துகளை நிறுத்த முடிந்தது. கட்டுரை எழுதியபோது அவள் பெயரை முதலில் போட வேண்டும் என்று சொன்னேன். பேராசிரியர் மறுக்கவில்லை.

வரிசையாக நாலைந்து குழாய்களை மூடி முத்திரையிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மகள் தலை பின்னிவிட முயன்றுகொண்டிருந்தாள். விரல் நடுங்கிப் பின்னல் அவிழ்ந்துகொண்டே இருந்தது. மகள் பொறுமையாகக் குனிந்திருந்தாள். குழாய்களை அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தாள். தண்ணீர் போன்றதிலிருந்து மஞ்சள் வரை ஒழுங்காக அடுக்கி வைத்தாள்.

"இது சிறுசு. இது பெருசு" என்றாள். எனக்கு ஒரு கணம் எல்லாம் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"இத யாருட்டி செஞ்சா?" என்று கேட்டாள்.

"நீதான். உன் முறதான் இது."

"நானா?" அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் சிரித்தாள். எங்களைச் சமாதானப்படுத்துவதற்கான சிரிப்பு அது. அடுத்த முறை நான் போனபோது குழாய்களைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

வீட்டில் அவளைத் தனியாக விட முடியாமல் போனது. அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை சூழ்ந்த பிறகும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மூக்குக்குத் தெரியாது, புகையைக் கண்டால் எழ வேண்டும் என்று மனதுக்கும் எட்டவில்லை. அதன் பிறகு கணவர் கடையை விற்றுவிட்டு, தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் செட்டியார்பட்டியில் குடியேறினார். ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். கல்லூரி மேல் வழக்குப் போடலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "அவளப் பாப்பனா, கோர்ட்டுக்கு அலைவனா?" என்றார்.

எனக்குப் பட்டம் கிடைத்த வருடம் செட்டியார்பட்டிக்குப் போனேன். வெளியூரில் வேலை கிடைத்திருந்தது, சொல்லிக்கொண்டு வரலாம் என்று போனேன். வீட்டின் முன்னறையில் பேண்டேஜ் துணி குவிந்துகிடந்தது. அவள் அதைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அண்டை வீட்டுப் பெண்களும் செய்கிற கூலி வேலைதான். துணி சாயாமல் சுருள, நடுங்கும் வலது கையை முழங்காலில் அழுத்திப் பிடித்திருந்தாள். மெலிந்திருந்தாள், முன்நெற்றியில் நரை வந்திருந்தது.

"அண்ணே, இவளுக்கு இது கஷ்டமில்லியா?" என்று அவர் காதோடு கேட்டேன்.

"சும்மா உக்காந்தா அழுதுகிட்டே இருக்கா. இதுன்னா அழறதில்ல" என்றார்.

நான் வெளியூர் போவதை அவளிடம் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். செத்த நேரம் கழித்து மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துணியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினேன். மதியம் அவள் மகள் பள்ளியிலிருந்து வந்து, எங்கள் இருவருக்கும் சோறு போட்டாள். அம்மாவின் தட்டில் முள்ளை எடுத்துவிட்டு மீனை வைத்தாள். அவள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு மட்டும் தெரியுது" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்து, "வாரேன்ட்டி" என்றேன். அவள் துணியிலிருந்து தலையைத் தூக்கி, "சரி, வா" என்றாள். என் பெயரைச் சொல்ல முயல்வது அவள் உதட்டில் தெரிந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். அவளுக்கு வரவில்லை. மகள், "பேர நான் சொல்லிக்கிடுதேன் சித்தி, நீங்க போங்க, பஸ் போயிரும்" என்றாள்.